டி.எச்.டி.-யை மூலிகையால் அடக்கலாமா? ஒரு வாசகரின் ஆறு டப்பாக்களும் ஒரு குழப்பமான ரிப்போர்ட்டும்

கொங்குப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 31 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடமாக நெற்றியின் இரு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது, உச்சியில் மண்டை தெரியத் தொடங்கிவிட்டது. உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ. நான்கு மாதத்தில் திருமணம். வீடியோக்களைப் பார்த்து, 'டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுவதால்தான் முடி கொட்டுகிறது' என்று தெரிந்துகொண்டு, ஐந்து மாதமாக ஆறு பொருட்கள் எடுக்கிறார்: சா பால்மெட்டோ கேப்சூல், பயோட்டின் கம்மி (நாளுக்கு 10,000 மைக்ரோகிராம்), பூசணி விதை எண்ணெய் கேப்சூல், அமுக்கரா மாத்திரை, நெருஞ்சில் பொடி, காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் அதிமதுரப் பொடி. முதல் மூன்றும் முடிக்கு. அடுத்த இரண்டும் ஜிம்முக்கு. அதிமதுரம் 'டி.எச்.டி.-யைத் தடுக்கும், அல்சருக்கும் நல்லது' என்பதால்.

இடது மார்க்காம்புக்குப் பின்னால் வலியுடன் ஒரு சிறு தடிப்பு வந்ததால் ஒரு நாள் மாலை 6 மணிக்கு, வேலை முடிந்து வரும் வழியில் லேபில் ரத்தம் கொடுத்தார். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 1,180 நானோகிராம், எஸ்ட்ரடையால் (முக்கியமான எஸ்ட்ரஜன்) 78 பிகோகிராம், எல்.எச். (டெஸ்டோஸ்டிரோன் சுரக்க விரையைத் தூண்டும் ஹார்மோன்) 0.6, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.21. குடும்ப மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு ஊசி போடுகிறாயா?" என்று கேட்டது இவரைப் புண்படுத்திவிட்டது. ரத்த அழுத்தம் 148/94. அடிக்கடி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. 'எஸ்ட்ரஜன் ஏறிவிட்டது, லெட்ரோசோல் போடு' என்று எஸ்ட்ரஜனைக் குறைக்கும் மாத்திரையைச் சொல்கிறார் ஜிம் மாஸ்டர். அப்பாவுக்கு (64) புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை நான்காக வெட்டித் தானும் எடுக்கலாமா, அப்பாவுக்கு அதற்குப் பதில் 'இயற்கையான' சா பால்மெட்டோ தரலாமா என்பவை இவருடைய முக்கியக் கேள்விகள். டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியைக் குறைக்க வழி உண்டா என்றும் கேட்கிறார்; ரிப்போர்ட் பெண் வீட்டாருக்குப் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை எடுத்ததையும், தங்கை ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் இதே வீட்டில் இருப்பதையும் கடைசி வரிகளில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஒன்று விடாமல் எழுதியதற்கு நன்றி. மாலை 6 மணி, கம்மியின் அளவு, கெண்டைக்கால் பிடிப்பு, தங்கையின் கர்ப்பம் என நீங்கள் சின்ன விஷயமாக நினைத்து எழுதியவற்றில்தான் பாதிப் பதில் இருக்கிறது. நேரில் பார்க்காமல் எதையும் உறுதி செய்ய முடியாது. ஆனால் லெட்ரோசோலைத் தொடாதீர்கள், அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள் என்ற இரண்டையும் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியும். காரணம் கீழே.

டெஸ்டோஸ்டிரோன் எங்கே போகிறது

ஆரோக்கியமான ஆணின் விரைகள் ஒரு நாளில் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. அதில் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்து வெளியேறுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் இரண்டு நொதிகளிடம் சிக்கி வேறு ஹார்மோனாக மாறுகிறது.

ஒன்று 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் நான்காம், ஐந்தாம் கார்பன்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பில் இரண்டு ஹைட்ரஜனைச் சேர்ப்பதுதான் இதன் வேலை. கிடைப்பது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், அதாவது டி.எச்.டி. மாற்றம் சிறியது, விளைவு பெரியது: டி.எச்.டி. ஆண்ட்ரஜன் ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும். இது ஒருவழிப் பாதை. டி.எச்.டி. மீண்டும் டெஸ்டோஸ்டிரோன் ஆகாது, எஸ்ட்ரஜனும் ஆகாது. நொதியில் முதல் வகை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் கல்லீரலிலும் அதிகம். இரண்டாம் வகை புராஸ்டேட்டிலும் தலைமுடியின் வேர்ப்பைகளிலும் அதிகம்.

மற்றொன்று அரோமட்டேஸ். கொழுப்புத் திசு, எலும்பு, மூளை, விரை எல்லாவற்றிலும் உண்டு. இது டெஸ்டோஸ்டிரோனின் 19-ஆம் கார்பனைக் கழற்றி எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. அளவில் மிகக் குறைவு, ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஆனாலும் ஆணின் எலும்பு உறுதிக்கும் பாலுணர்வுக்கும் அது வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களின் சொந்தச் சுரப்பை நிறுத்தி, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அரோமட்டேஸையும் அடைத்தார்கள். எஸ்ட்ரஜன் குறைந்தவர்களுக்குக் கொழுப்பு ஏறியது, பாலுணர்வும் சரிந்தது. 'எஸ்ட்ரஜன் என்றால் ஆணுக்கு விஷம்' என்ற ஜிம் பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

முடி விஷயத்தில் நீங்கள் புரிந்துகொண்டது பாதி சரி. டி.எச்.டி. இல்லாமல் இந்த வகை வழுக்கை வராது. இதற்கு நல்ல சாட்சி டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமம். 1974-ல் ஜூலியன் இம்பெரட்டோ மெக்கின்லி குழுவினர் அங்கே இரண்டாம் வகை நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே சில ஆண் குழந்தைகள் பெண்ணைப் போன்ற வெளித் தோற்றத்துடன் பிறந்து, பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியது, தாடி குறைவு, முன்நெற்றி ஏறவே இல்லை. இந்த நொதியை அடைக்கும் ஃபினாஸ்டெரைடு என்ற மருந்துக்கான யோசனை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஆனால் வழுக்கை விழுபவரின் ரத்தத்தில் டி.எச்.டி. அதிகம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு அது சாதாரண அளவில்தான் இருக்கும். சாதாரண டி.எச்.டி.-க்கே சுருங்கிவிடும் வேர்ப்பை பரம்பரையாக வந்திருக்கிறது. அதனால் ரத்தத்தில் டி.எச்.டி. அளவு பார்க்கச் சொல்லும் 'ஹேர் பேக்கேஜ்' பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் ரிப்போர்ட்டை நான் ஏன் நம்பவில்லை

31 வயதுக்காரருக்கு டெஸ்டோஸ்டிரோன் காலை 7 முதல் 10 மணிக்குள் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கியிருக்கும். வயிற்றுக் கொழுப்பு கூடினால் மொத்த அளவு இன்னும் குறையும். நீங்கள் கொடுத்தது மாலை ரத்தம், உங்கள் எடை 88 கிலோ. எண் தாழ்ந்து வந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 19 முதல் 39 வயது வரையிலான, உடல் பருமன் இல்லாத ஆண்களுக்கு ஏற்கப்பட்ட வரம்பே 264 முதல் 916 வரைதான். உங்களுக்கோ 1,180.

இங்கே பயோட்டின் கம்மியைப் பார்க்க வேண்டும். பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனை அளக்க பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் ஒட்டுப் பசைபோலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய மிதந்தால் அது அந்தப் பசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால் போன்ற சிறிய மூலக்கூறுகளை அளக்கும் முறையில் முடிவு பொய்யாக உயரும். எல்.எச்., டி.எஸ்.எச்., பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) போன்ற பெரியவற்றை அளக்கும் முறையில் பொய்யாகத் தாழும். உங்கள் நான்கு எண்களையும் திரும்பப் பாருங்கள். உயர வேண்டிய இரண்டும் உயர்ந்திருக்கின்றன, தாழ வேண்டிய இரண்டும் தாழ்ந்திருக்கின்றன. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். பயோட்டினால் பரிசோதனை தவறலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது.

உங்கள் மருத்துவர் கேட்டதும் தப்பில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஏறி எல்.எச். அடியோடு இறங்கினால், வெளியிலிருந்து ஹார்மோன் செலுத்தியவரின் ரிப்போர்ட் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். அவரிடம் போய்க் கம்மி டப்பாவைக் காட்டுங்கள், கோபம் வேண்டாம். இன்னொரு சாத்தியத்தையும் மறைக்க விரும்பவில்லை: ஜிம் பக்கம் விற்கும் சில பொடிகளில் சொல்லாமல் ஹார்மோன் கலப்பதுண்டு. எனவே பயோட்டின்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாமல், அதை நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இதனால்தான் லெட்ரோசோல் வேண்டாம் என்றேன். அது அரோமட்டேஸை ஏறக்குறைய முழுதாக அடைக்கும் மார்பகப் புற்றுநோய் மருந்து. 78 என்ற எண் பொய்யாக இருந்து, உண்மை அளவு 25 ஆக இருந்தால், அதை மிகவும் தாழ்த்திவிடுவீர்கள். மூட்டு வலி, எலும்புத் தேய்மானம், ஆசைக் குறைவு என்று திருமணத்துக்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளும் வேலை அது.

மார்புத் தடிப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காம்புக்கு நேர் பின்னால் ரப்பர் வட்டு போல் நகர்ந்தால் சுரப்பித் திசு வளர்ச்சி. பரவலாக மெத்தென்று இருந்தால் கொழுப்பு. ஒரு பக்கம் மட்டும் கல்போல் கெட்டியாக இருந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, விரையில் கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவர் விரையையும் பரிசோதிப்பார். கூச்சப்பட்டு அதை மட்டும் தவிர்த்துவிட்டு வருபவர்கள் உண்டு.

அதிமதுரமும் அந்த 148/94-உம்

உங்கள் பட்டியலில் ஹார்மோன் நொதிகள் மேல் உறுதியாக வேலை செய்யும் பொருள் எது என்று கேட்டால், விலை குறைந்த இந்தப் பொடியைத்தான் காட்டுவேன். ஆனால் நீங்கள் நினைக்கிற நொதி வேறு, அது பிடிக்கிற நொதி வேறு.

சிறுநீரகத்தில் 11-பீட்டா எச்.எஸ்.டி. இரண்டாம் வகை என்றொரு நொதி இருக்கிறது. கார்ட்டிசால் உப்பைத் தேக்கும் ஏற்பிக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வாசல் காவலாளி அது. அதிமதுரத்தின் கிளிசிரைசின் இந்தக் காவலாளியை முடக்கிவிடும். கார்ட்டிசால் உள்ளே புகுந்து, சோடியம் தேங்கி, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். ரத்த அழுத்தம் ஏறுவதும் கெண்டைக்கால் பிடிப்பதும் இதன் பாடப்புத்தக அறிகுறிகள். கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மி.கி.-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வேரில் அதன் அளவு விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். 5 சதவீதம் என்று வைத்தாலும் இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் பொடியில் 250 மி.கி. வந்துவிடும். தொண்டை கரகரக்கும்போது இரண்டு நாள் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது வேறு, ஐந்து மாதம் தினம் இரண்டு ஸ்பூன் என்பது வேறு.

இதில் இன்னொன்றும் உண்டு. 1999-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஏழு ஆண்களுக்கு ஒரு வாரம் தினம் 7 கிராம் அதிமதுரம் கொடுத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைவதைக் கண்டார்கள். அது டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் கட்டத்தில் உள்ள நொதிகளைத் தொடுகிறது என்பது அவர்கள் விளக்கம். பிறகு செய்தவர்களுக்கு அவ்வளவு பெரிய சரிவு கிடைக்கவில்லை. எப்படியானாலும் டெஸ்டோஸ்டிரோனை ஏற்ற அமுக்கராவும் நெருஞ்சிலும், இறக்க அதிமதுரமும் ஒரே நாளில் விழுங்குவது, ஒருவர் குடம் குடமாக ஊற்ற இன்னொருவர் மறுபக்கம் இறைப்பதைப் போலத்தான்.

பொட்டாசியம் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கும் முன் அதிமதுரம் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தெரியாமல் நீர் பிரியும் மாத்திரை கொடுத்துவிட்டால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் விளைவு நீடிக்கலாம். தசை தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மற்ற ஐந்து டப்பாக்கள்

சா பால்மெட்டோ அமெரிக்காவின் தென்கிழக்கில், முக்கியமாக ஃபுளோரிடாவில் வளரும் குட்டைப் பனையின் பழம். சோதனைக் குழாயில் அதன் கொழுப்பு அமிலங்கள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுக்கின்றன; அது உண்மைதான். அவற்றில் முக்கியமான ஒன்று லாரிக் அமிலம். நம் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி அதுதான்! சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடலிலும் நடப்பதாக இருந்தால் தேங்காய்ச் சட்னி சாப்பிடும் ஊரில் வழுக்கையே இருக்கக் கூடாது.

மனிதர்களிடம் என்ன நடந்தது? புராஸ்டேட்டுக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. 2006-ல் வெளியான ஆய்வில் 225 ஆண்கள், நாளுக்கு 320 மி.கி., ஒரு வருடம். 2011-ல் வெளியானதில் 369 ஆண்கள், படிப்படியாக 960 மி.கி. வரை. இரண்டிலும் (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத) வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. முடிக்கு, 2012-ல் 100 ஆண்களை இரண்டு வருடம் கவனித்த ஓர் ஆய்வில் சா பால்மெட்டோ எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும் ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. எடுத்தவர்களில் 68 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. அதில் வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை, யார் எதை எடுக்கிறார் என்பதும் தெரிந்தே நடந்தது. 38 என்பதை அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இவற்றில் பயன்பட்டதெல்லாம் பழத்தின் கொழுப்புச் சாறு. உங்கள் டப்பாவில் 'பழப் பொடி 500 மி.கி.' என்று இருந்தால் அது வேறு பொருள். எண் பெரிதாக இருப்பதால் வீரியம் கூடுதல் ஆகிவிடாது. வயிற்றுத் தொந்தரவு தவிர பெரிய தீங்கு பொதுவாக இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்போ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரோ இதைத் தவிர்ப்பது நல்லது.

பூசணி விதை எண்ணெய்க்கு 2014-ல் ஒரு கொரிய ஆய்வு இருக்கிறது: 76 ஆண்கள், தினம் 400 மி.கி., 24 வாரம். முடி எண்ணிக்கை எண்ணெய்ப் பிரிவில் சுமார் 40 சதவீதமும் வெற்று மாத்திரைப் பிரிவில் 10 சதவீதமும் கூடியது. அந்தக் கேப்சூலில் வேறு தாவரப் பொருட்களும் கலந்திருந்தன. சிறிய ஆய்வு, ஒற்றை ஆய்வு. தொடர விரும்பினால் தடுக்க மாட்டேன்.

நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்ற பெயர் பல்கேரியாவிலிருந்து பரவியது. அதே நாட்டில் 21 இளைஞர்களிடம் நான்கு வாரம் கொடுத்து அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. சிறுநீர்க் கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் தரும் நம் மரபு தனிக் கதை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அமுக்கராவை எடுத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஓரளவு ஏறியதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. கூடவே தைராய்டு ஹார்மோனையும் ஏற்றலாம் (அது ஏறினால் டி.எஸ்.எச். தாழும்), அரிதாகக் கல்லீரலைப் பாதித்து மஞ்சள் காமாலை வந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. உங்கள் டி.எஸ்.எச். 0.21 பயோட்டினின் வேலையா, அமுக்கராவின் வேலையா, உண்மையிலேயே தைராய்டா என்று பிரித்தறிய இதையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளராது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

'இயற்கை, அதனால் பக்கவிளைவு இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தன்னை அடைக்கும் மூலக்கூறு இலையிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நொதிக்குத் தெரியாது. ஒரு மூலிகை ஃபினாஸ்டெரைடு அளவுக்கு நொதியை அடைக்குமானால் அதே பக்கவிளைவுகளும் வரும். வரவே வராது என்று விற்பவர், அது அவ்வளவாக அடைக்கவில்லை என்பதைத்தான் தன்னையறியாமல் சொல்கிறார். வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று நம் மருந்துகள் விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது. டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால், அது உணவாக உரிமம் பெற்றது. நோய் தீர்க்கும் என்று சான்று பெற்றதாக எண்ண வேண்டாம். ஏதாவது பொருளால் பாதிப்பு என்று சந்தேகித்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தினரிடம் தெரிவிக்கலாம்.

அப்பாவின் மாத்திரை

அப்பாவுக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். ஃபினாஸ்டெரைடு வீங்கிய புராஸ்டேட்டைச் சுருக்குகிறது, சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்கிறது. சா பால்மெட்டோ இரண்டையும் செய்வதாகக் காட்டப்படவில்லை. ஃபினாஸ்டெரைடு எடுப்பவரின் பி.எஸ்.ஏ. ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகும்; மருத்துவர் அந்த எண்ணை இரட்டிப்பாக்கித்தான் படிப்பார். நீங்கள் வீட்டில் சத்தமில்லாமல் மாத்திரையை மாற்றிவிட்டால் அவர் தவறான கணக்குப் போடுவார். அப்பாவுக்கும் அந்தப் பயோட்டின் கம்மியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பி.எஸ்.ஏ. பொய்யாகத் தாழ்ந்து வரலாம்.

வெட்டி எடுப்பதில் முதல் பிரச்சினை தங்கை. முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் தொட்டால் பயமில்லை. உடைத்தால் தூள் உதிரும். வயிற்றில் ஆண் குழந்தை இருந்து அந்தத் தூள் தாயின் உடலில் சேர்ந்தால், பிறப்புறுப்பு உருவாவதற்குத் தேவையான டி.எச்.டி. குறையலாம். சலினாஸ் கிராமத்துக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டில் இருக்கும்வரை சமையலறைக் கத்தி, பலகை எதிலும் இந்த மாத்திரையை வெட்டக் கூடாது. இரண்டாவது, இது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. முடிக்கான 1 மி.கி. மாத்திரை தனியாகக் கிடைக்கிறது. அது 1997-லேயே அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

அந்த 1 மி.கி. உங்களுக்குப் பொருந்துமா என்பதுதான் உண்மையான கேள்வி. அது ரத்தத்தின் டி.எச்.டி.-யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும், பலருக்கு முடி உதிர்வை நிறுத்தும். ஆய்வுகளில் முதல் வருடம் பாலியல் தொந்தரவு சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். வலைத்தளங்கள் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் நிறுத்திய பிறகும் தொந்தரவு நீடித்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. மார்புத் திசு வளர்ச்சியும் இதன் அறியப்பட்ட பக்கவிளைவு. தற்கொலை எண்ணத்தையும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையின் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதி செய்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த, மார்பில் காரணம் தெரியாத தடிப்புள்ள, விரைவில் குழந்தை விரும்பக்கூடிய உங்களுக்கு இப்போது இதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கதவை நிரந்தரமாக மூடவும் இல்லை. தடிப்புக்கு விடை தெரிந்து, மனநல மருத்துவரும் ஒப்புக்கொண்டால், ஆறு மாதம் கழித்துப் பேசலாம். யாராவது 'அதைவிட வலுவானது' என்று டுட்டாஸ்டெரைடு நீட்டினால், அதன் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் காலம், சுமார் ஐந்து வாரம் என்பதை நினைவில் வையுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் உடலை விட்டுப் போக மாதக்கணக்கு ஆகும், விந்தணு எண்ணிக்கையையும் ஓரளவு குறைக்கும்.

இப்போதைக்கு, தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து 5 சதவீதம். காய்ந்த உச்சந்தலையில் 1 மி.லி., காலையும் இரவும். முடியில் தடவினால் வீண், தோலில் படவேண்டும். இதுவும் வேர்ப்பையிலுள்ள சல்ஃபோ டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி மாற்றித் தந்தால்தான் வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பலன் குறையும். முதல் இரண்டு மாதத்தில் பழைய முடி கூடுதலாகக் கொட்டும். பலரும் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். திருமணப் புகைப்படத்துக்கு முன் அந்தக் கட்டம் கடந்துவிட வேண்டுமென்றால், ரத்த அழுத்தம் இறங்கியதை மருத்துவர் உறுதி செய்ததும் தொடங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் பலனை மதிப்பிட வேண்டாம். மாதம் ஒரு படம், அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுத்து வையுங்கள்.

என்ன வரிசையில் செய்வது

இன்று: அதிமதுரம், பயோட்டின், அமுக்கரா, நெருஞ்சில், சா பால்மெட்டோ ஐந்தையும் நிறுத்துங்கள். டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஜிம்மில் வாங்கிய வேறு பொடி இருந்தால் அதையும்.

இந்த வாரம்: பொட்டாசியம், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, மார்பையும் விரையையும் மருத்துவரிடம் காட்டுவது. வீட்டில் ரத்த அழுத்தமானி இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள்.

மூன்று வாரம் கழித்து: காலை 8 மணிக்கு, வெறும் வயிற்றில், முந்தைய இரவு நன்றாகத் தூங்கிவிட்டு டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், டி.எஸ்.எச்., பீட்டா எச்.சி.ஜி. பயோட்டினுக்கு மூன்று நாள் இடைவெளி போதும். மற்ற பொருட்களின் விளைவும் அடங்கட்டும் என்றுதான் மூன்று வாரம் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் வரம்புக்கு வெளியே வந்தால் இன்னொரு காலையில் மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளக்கும் லேபைக் கேளுங்கள், அதைப் பயோட்டின் ஏமாற்றாது. குழந்தை பற்றிய கவலை இருந்தால் விந்துப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளலாம், 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு. உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் அனுமதியின்றி மருத்துவரோ லேபோ பெண் வீட்டாரிடம் தர முடியாது. அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ள வேண்டாம்.

அரோமட்டேஸைக் குறைக்க ஒரு வழி கேட்டிருந்தீர்கள். அந்த நொதி அதிகம் குடியிருக்கும் இடங்களில் ஒன்று உங்கள் வயிற்றுக் கொழுப்பு. நான்கு மாதத்தில் 88-லிருந்து 82 கிலோவுக்கு இறங்கினால், எந்த மாத்திரையும் இல்லாமல் அரோமட்டேஸும் குறையும், சொந்த டெஸ்டோஸ்டிரோனும் ஏறும். ஜிம்மை நிறுத்த வேண்டாம். ஆனால் பொட்டாசியம் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை கனமான எடை தூக்காதீர்கள்.